கூட்டம் எந்த இடத்தில் வசமாகிறது? மேடைப் பேச்சைக் கூர்ந்து கவனிப்பவர்களின் பகிர்வு

பேச்சுப் பயிற்சி தருபவர்:

கைதட்டல் தானாக வருவதில்லை. தனியாகத் தட்டி நாலு பேர் திரும்பிப் பார்க்க யாருக்கும் விருப்பமிருக்காது. எல்லோரும் சேர்ந்து தட்டலாம் என்ற குறிப்பு மேடையிலிருந்து வர வேண்டும். அதற்கு இரண்டு உத்திகள் பெரும்பாலும் கைகொடுக்கும்: மூன்றாக அடுக்குவது, எதிரும் புதிருமாக நிறுத்துவது. "நிலம் போனது, நீர் போனது, நாளை நம் பிள்ளைகள் நிற்கப்போகிற இடமும் போகும்" என்று அடுக்கினால், இரண்டாவது அடியிலேயே கூட்டம் மூன்றாவதுக்குத் தயாராகிவிடும். மூன்றாவது அடி நீளமாக இருக்கட்டும். கடைசிச் சொல்லில் குரல் இறங்கட்டும். பிரிட்டிஷ் ஆய்வாளர் மேக்ஸ் அட்கின்சன் 1980களில் அரசியல் கூட்டப் பதிவுகளை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்துக் காட்டிய உத்திகள் இவை. வழக்கமான கைதட்டல் ஏறத்தாழ 8 நொடி நீடிக்கும் என்பதும் அவர் கணக்கு.

கெட்டுப்போவது எங்கே என்றால், மூன்றாவது அடிக்குப் பின்னால் "ஆகவே..." என்று ஒரு வால் ஒட்டும்போது. தட்டத் தூக்கிய கை பாதியில் நின்றுவிடும். அப்படி ஏமாந்த கூட்டம் அடுத்த நல்ல வரிக்கும் தயங்கும். தட்டல் முழுக்க அடங்கும்வரை காத்திருப்பதும் சரியில்லை. சத்தம் இறங்கத் தொடங்கும்போதே அடுத்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கத்துபவருக்கோ, உச்சத்துக்கு ஏறப் பிறகு இடமே இருக்காது.

ஒலி அமைப்பாளர்:

பேச்சைப் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் அதே பேச்சு பாதி காலியான அரங்கில் எடுபடாது. இருநூறு பேர் வருவார்கள் என்றால் ஐந்நூறு நாற்காலி போடாதீர்கள். பக்கத்து ஆளின் தோள் படும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிரிப்பும் கோபமும் சட்டென்று தொற்றும்; நடுவில் மூன்று இருக்கை காலியாக இருந்தால் தொற்றாது. குண்டுவீச்சில் அழிந்த பிரிட்டிஷ் மக்களவையைத் திரும்பக் கட்டுவது பற்றி 1943-ல் பேசியபோது, எல்லா உறுப்பினருக்கும் இருக்கை இருக்கக் கூடாது என்றே சர்ச்சில் வாதாடினார். இன்றும் 650 உறுப்பினருக்கு அங்கே 427 பேர் உட்காரத்தான் இடம். முக்கியமான நாளில் நெருக்கியடித்து நிற்கிறார்களே, அவையின் சூடு அங்கிருந்து வருகிறது.

திறந்தவெளியில் வேறு சிக்கல். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 170 மீட்டரில் நிற்பவருக்குச் சொல் அரை நொடி தாமதமாகக் கேட்கும். அவர் எழுப்பும் முழக்கம் மேடைக்குத் திரும்ப இன்னொரு அரை நொடி. முன்வரிசையை மட்டும் பார்த்து வேகமாகப் பேசினால், பின்வரிசையின் முழக்கம் அடுத்த வாக்கியத்தின் மேல் விழும். பெரிய மைதானத்தில் ஒவ்வொரு வரிக்கும் இடம் விட்டே ஆக வேண்டும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஒட்டிப் பிடித்தால் அடிக்குரல் பொங்கி, "ப" வரும் இடமெல்லாம் வெடிக்கும்; தலைப்பகுதியைக் கையால் பொத்தினால் கீச்சென்று கூவும். உருக்கமான இடத்தில் அந்தக் கூவல் வந்துவிட்டால் கட்டிய உணர்ச்சி அத்தனையும் போச்சு.

பழைய உரைகளைப் படிப்பவர்:

மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 ஆகஸ்ட் 28 உரையைக் கேட்டுப் பாருங்கள். சுமார் 17 நிமிடம். புகழ்பெற்ற அந்தக் 'கனவு'ப் பகுதி அன்றைக்கு எழுதி வைத்திருந்த தாளில் இல்லை. பின்னாலிருந்து பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நொடியில் வானத்திலிருந்து இறங்கியதுபோல் இதைச் சொல்வார்கள், உண்மை அதுவல்ல. அந்த வரிகளை அவர் அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டில் பேசிவிட்டார். எந்த வரிக்குக் கூட்டம் எப்படி எழும் என்பது அவருக்கு முன்பே தெரியும். தாளைவிட்டு விலகத் துணிபவர், விலகிப் போய் நிற்கும் இடத்தையும் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

கூட்டங்களை நடத்துபவர்:

இதே கருவிகள் நாசத்துக்கும் உதவியிருக்கின்றன, அதையும் பேசாமல் விடக் கூடாது. 1943 பிப்ரவரி 18 அன்று பெர்லினில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் கூட்டத்தைப் பார்த்துப் பத்துக் கேள்விகள் கேட்டார். வெற்றியை நம்புகிறீர்களா என்று தொடங்கினார்; முழுமையான போரை வேண்டுகிறீர்களா என்பதும் அவற்றில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்ற கர்ஜனை எழுந்தது. அரங்கில் இருந்தவர்கள் நாஜிக் கட்சியே பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். வானொலியில் கேட்டவருக்கோ அது ஒரு தேசத்தின் குரலாகப்பட்டது. முதல் கேள்விக்கு ஆமாம் போட்டுவிட்டால், அடுத்ததற்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம்.

எனவே கேட்பவர்கள் கவனிக்க வேண்டியவை: "அவர்கள்" என்று திரும்பத் திரும்ப வந்து, யார் என்று ஒருதரம்கூடச் சொல்லாமல் போகிறதா? ஒரு குடும்பத்தின் துயரம் விரிவாக வந்து, எத்தனை குடும்பம் என்ற எண் வராமல் போகிறதா? உச்சத்தில் குரல் நிற்கும்போதே உண்டியலோ தீர்மானமோ வருகிறதா? கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய அபாய அறிகுறி. தலைமை தாங்குபவர் அங்கே ஒரு வேலை செய்யலாம்: பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள், மாற்றுக் கருத்துள்ள ஒருவருக்கு அதே மைக்கைக் கொடுங்கள், பிறகு தீர்மானத்தின் வாசகத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒருமுறை படித்துவிட்டு வாக்கெடுப்புக்கு விடுங்கள். கையைத் தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள்.