மறு: 'டிபெண்டன்ட் சாய்ஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை முதுகலைக் கணித வகுப்பில் 'ஆக்சியம் ஆஃப் சாய்ஸ்' தொடர்பான மூன்று அடிகோள்களை (ஆக்சியம்களை) ஒப்பிட வேண்டும். வெற்றல்லாத கணங்கள் (செட்கள்) எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுக்கலாம் என்பதுதான் சாய்ஸ். மூன்றும் இவை: 1904இல் கணிதவியலாளர் செர்மெலோ முன்வைத்த முழு வடிவம், 1942இல் பெர்னைஸ் வகுத்த டிபெண்டன்ட் சாய்ஸ், எண்ணத்தக்க (1, 2, 3 என்று வரிசைப்படுத்தக்கூடிய) தொகுதிகளுக்கு மட்டுமான வடிவம். முதலாவது இரண்டாவதைத் தரும், இரண்டாவது மூன்றாவதைத் தரும். கீழிருந்து மேலே ஏற முடியாது. 'தேர்வு' என்றால் மாணவர்களுக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் 'தெரிவு' என்கிறேன். நடுவில் உள்ளதுதான் சிக்கல். 'சார்புத் தெரிவு' என்று எழுதலாமென்றால், பாடநூலில் ஃபங்ஷனுக்குப் பெயரே சார்பு!

-----

ஐயா, தேர்வும் ஆகாது, தெரிவும் ஆகாது. தேர்தல் என்பது ஆராய்ந்து எடுப்பது. 'தேரான் தெளிவும்' என்ற குறளில் அந்தப் பொருள்தான். ஆராய வழியில்லாத இடத்தில்தானே இந்த அடிகோளே வேண்டியிருக்கிறது? ரஸ்ஸல் சொன்ன உதாரணம்: முடிவற்ற பூட்ஸ் ஜோடிகள் இருந்தால் 'இடதுகாலுக்கானதை எடு' என்று விதி சொல்லிவிடலாம், காலுறையில் இடம் வலம் ஏது? 'எடுப்பு அடிகோள்' என்பதே சரி.

-----

வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் எடுப்பு என்றால் எடுப்பான நிறம்தான் நினைவுக்கு வரும், எடுகோளோடும் (ஹைபாதஸிஸ்) குழம்பும். தெரிவு இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு 'அந்தாதித் தெரிவு' எப்படி? வெற்றல்லாத ஒரு கணம், அதில் எந்த உறுப்பை எடுத்தாலும் அதற்கு அடுத்து வரத்தக்கது ஒன்றாவது உண்டு. அப்படியானால் முடிவற்ற தொடர்வரிசை ஒன்று கிடைக்கும். பெர்னைஸ் சொல்வது இவ்வளவுதான். அந்தாதியிலும் அப்படித்தான், ஒரு பாட்டு முடிந்த சொல்லில்தான் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். எண்ணத்தக்க தெரிவோ தனிப்பாடல்கள் மாதிரி: கணங்கள் பெட்டிகள்போல முன்பே வரிசையாக இருக்கின்றன, ஒன்றில் எடுத்தது அடுத்ததைக் கட்டுப்படுத்தாது. எது வலுவானது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

-----

அந்தாதி மண்டலிக்குமே! கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தில் வந்து சேரும். இங்கே கடைசியும் இல்லை, திரும்ப வேண்டியதும் இல்லை. 'தொடுப்புத் தெரிவு' போதும். இலக்கணம் படிக்காத பிள்ளைக்கும் புரியும்.

-----

நன்றி. மூன்று பேர் அந்தாதி, ஒருவர் தொடுப்பு. திங்கட்கிழமை 'அந்தாதித் தெரிவு' என்று எழுதி, 'மண்டலிக்க வேண்டியதில்லை' என்று பக்கத்தில் குறித்துவிடுகிறேன். முழுமையான மெட்ரிக் வெளிகளுக்கான (தொலைவு வரையறுக்கப்பட்ட வெளிகளில் ஒரு வகை) பேயர் கேட்டகரி தேற்றம் இதற்குச் சமானம் என்று அடுத்த வாரம் காட்ட வேண்டும். அந்தப் பெயரில் வரும் 'கேட்டகரி'க்கு 'வகை' என்று போடலாமா?

-----

போடுங்கள். எடுப்பை நான் இன்னும் விடவில்லை.