பழைய ஃபோர்க்குக்குள் ரப்பர் பாகாகிவிட்டது, காப்பாற்றலாமா?

கோத்தகிரி_கியர்:
வணக்கம். மாமா 1998 வாக்கில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 26 இஞ்ச் மவுண்டன் பைக் ஒன்று பல வருஷமாக மாடியில் கிடந்தது. ஃப்ரேம் சுத்தமாக இருக்கிறது. வீல், வி-பிரேக் எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. முன் ஷாக்தான், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், அசையவே இல்லை. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் பிசுக்கு! பலாப்பால் மாதிரி கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. 63 மில்லிமீட்டர் டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள ஃபோர்க். அதன் ஒரு காலுக்குள் ஆயில் கார்ட்ரிட்ஜ் மாதிரி ஒன்று, அதுவும் கசிந்திருக்கிறது. கையில் 3000 ரூபாய்தான். தேயிலைத் தோட்ட மண் பாதையில் ஓட்டத்தான், ரேஸுக்கு இல்லை. என்ன செய்யலாம்?

நேரா_போ:
மெனக்கெடாதீங்க ப்ரோ. 100 மில்லி ஃபோர்க் ஒன்று புதுசா வாங்கி மாட்டிட்டுப் போயிட்டே இருங்க.

பட்டறை_அண்ணன்:
வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம். அந்த ஃப்ரேம் 63 மில்லி ஃபோர்க்குக்காக வரைந்தது. 100 மாட்டினால் முன்பக்கம் ஏறும். 20 மில்லிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் ஹெட் ஆங்கிள் (ஹேண்டில் குழாயின் சாய்வு) படுத்துவிடும். இரண்டு டிகிரி போனால் ஏற்றத்தில் ஹேண்டில் அலைபாயும். உங்கள் ஊரில் ஏற்றம் இல்லாத பாதை எது?

அந்த மஞ்சள் பிசுக்குதான் எலாஸ்டோமர், யூரித்தேன் நுரை. 90களில் அது பெருமைக்குரிய சமாச்சாரம். காற்று இறங்காது, எடை குறைவு. ஆனால் குளிரில் கல்லாகும், வயசானால் பாகாகும். என்னிடம் இருந்த ஃபோர்க்கும் அப்படித்தான் ஆனது, அதனால் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன்.

பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய். இதற்கு மூங்கில் குச்சியும் பழைய பனியன் துணியும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், சீல் ஊதிப்போகும். அடி போல்ட் சுற்றும்போது உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்து சுற்றினால் ஃபோர்க்கை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். போல்ட்டை முழுசாக எடுக்காமல் நாலைந்து சுற்று தளர்த்திவிட்டு, அதன் தலையில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. கீழ்க்கால் (சக்கரம் மாட்டும் வெளிக்குழாய்) கழன்று வரும்.

இப்போது நுரைக்குப் பதில் இரும்பு ஸ்பிரிங். கோவை கணபதி பக்கம் ஸ்பிரிங் சுற்றிக்கொடுக்கும் பட்டறையில் ஜோடி 700 ரூபாய்க்கு வாங்கினேன். "எத்தனை கிலோ தாங்கணும்?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரியவில்லை என்று புரிந்தது. வீட்டுக்கு வந்து முன்சக்கரத்தை எடைபார்க்கும் தராசில் வைத்தேன், பின்சக்கரத்துக்கு அதே உயரத்துக்குப் பலகை. மேலே உட்கார்ந்தால் 29 காட்டியது. சக்கரமும் கீழ்க்காலும் ஸ்பிரிங்குக்கு அடியில் இருப்பவை, அதற்கு 3 கழித்தேன். 26. ஃபோர்க்கின் ஒரு காலுக்கு 13 கிலோ. உட்கார்ந்ததும் 15 மில்லி இறங்கினால் போதும். ஆக மில்லிக்கு 0.87 கிலோ.

முதல் தடவை 3 மில்லி கம்பியில் 14 சுற்று. ஓட்ட அருமையாக இருந்தது, ஒரு மாசத்தில் 7 மில்லி குட்டையாகிவிட்டது. பட்டறைக்காரர் பார்த்ததுமே சிரித்தார்: "கம்பி ஒல்லி, இவ்வளவு தூரம் அமுக்கினா தளரத்தாண்ணே செய்யும்." 3.5 கம்பிக்கு மாறினோம். அரை மில்லிதானே என்று நினைக்காதீர்கள். கடினம் கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும், கிட்டத்தட்ட 1.85 மடங்கு. பழைய மென்மை வேண்டுமானால் 14 சுற்றை 26 ஆக்க வேண்டும். முழுக்க அமுங்கினால் 28 சுற்று (முனை இரண்டையும் சேர்த்து) 98 மில்லி, அதோடு 63 டிராவல், கொஞ்சம் மிச்சம் வைத்து 165 நீளம். மேலே மீதி இடத்துக்கு லேத்தில் நைலான் கட்டை கடைந்து போட்டேன். அந்த ஸ்பிரிங் ஜோடி இன்னும் அப்படியே இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் (துள்ளலை அடக்கும் ஆயில் குழல்) கசிவது அந்தக் காலத்து வியாதி. ஓ-ரிங்கை வெர்னியரில் அளந்து கடையில் நைட்ரைலில் கேளுங்கள். மோட்டார் பைக் ஃபோர்க் ஆயில் 5W (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) போதும், ஆனால் ஒரு கம்பெனி 5W இன்னொரு கம்பெனி 5W மாதிரி இருக்காது, பாதியில் பிராண்ட் மாற்றாதீர்கள். குமிழி வராதவரை மெதுவாக ராடை இழுத்துத் தள்ளுங்கள். குழாய்கள் வழுக்கும் புஷ்ஷுக்கு மெல்லிய கிரீஸ். வீல் பேரிங் கிரீஸ் போட்டால் சின்னக் கல்லுக்கு ஃபோர்க் அசையாது.

சைடு_ஸ்டாண்டு:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் செலவுக்கு முன்னாடி விரிசல் பாருங்க. கீழ்க்கால் மெக்னீசியம்னா ரெண்டு காலையும் இணைக்கிற ஆர்ச்சும் ஆக்ஸில் மாட்டும் இடமும் முக்கியம். மண்ணெண்ணெய் தடவி கால்மணி நேரம் விட்டு, நல்லாத் துடைச்சு, சாக்பீஸ் பொடியைத் தேய்ங்க. விரிசல் இருந்தா கோடு நனைஞ்சு தெரியும். தெரிஞ்சா ஃபோர்க்கைச் சுவரில் மாட்டிடுங்க, ரோட்டில் வேண்டாம். ஃபோர்க்கோட மேல்குழாயில் கறுப்புப் பூச்சு தேஞ்சு வெள்ளி தெரியுதான்னும் பாருங்க.

கோத்தகிரி_கியர்:
சாக்பீஸ் வேலை முடிந்தது, கோடு எதுவும் இல்லை. மேல்குழாயும் கறுப்பாகத்தான் இருக்கிறது. தராசு பக்கத்து மளிகைக்கடையில் கடன். நான் மட்டும் உட்கார்ந்தால் 27, முதுகுப் பையோடு 30. "எதுக்குப்பா சைக்கிளை எடை போடறே, விக்கவா?" என்று கடைக்காரம்மா கேட்டார். எதை எடுத்துக்கொள்வது அண்ணா?

பட்டறை_அண்ணன்:
பையில்லாமல் என்றைக்குப் போயிருக்கீங்க? 30-ஐ எடுங்க, 3 கழித்து 27, காலுக்கு 13.5. மில்லிக்கு 0.9. என்னுடையதில் ஒரு சுற்று குறைச்சு 25 போடச் சொல்லுங்க. முனை இரண்டையும் தட்டையாகத் தேய்த்துக் கொடுக்கச் சொல்ல மறக்காதீங்க, இல்லாவிட்டால் ஸ்பிரிங் சாய்ந்து குழாயை உரசும். என் முதல் ஜோடி உரசிய கோடு இன்னும் உள்ளே இருக்கிறது.