கடையின் சொந்த பிராண்டு மளிகைக்கு எவற்றை மாற்றலாம்?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மாத மளிகைச் செலவைக் குறைப்பதற்காக, டிமார்ட்டின் பிரீமியா, ரிலையன்ஸின் குட் லைஃப் போலப் பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பொருட்களுக்கு மாறலாமா என்று எங்கள் வீட்டில் யோசித்து வருகிறோம். சர்க்கரை, ரவை, அயோடின் உப்பு ஆகியவற்றில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை.

துவரம் பருப்பு, நல்லெண்ணெய், பெருங்காயம் ஆகிய மூன்றில்தான் முடிவெடுக்க முடியவில்லை. பருப்பைப் பொறுத்தவரை விலையைவிட, அது குக்கரில் ஒரே சீராக வெந்து சாம்பாருக்குக் குழைகிறதா என்பதே எனக்கு முக்கியம். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினும் மாவும் கலப்பது வழக்கம் என்பதாலும், என் மாமியாருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்பதாலும், கோதுமை மாவுக்குப் பதிலாக அரிசி மாவு சேர்த்த கடை பிராண்டு எதையேனும் நீங்கள் பயன்படுத்தியிருந்தால் அவசியம் தெரிவியுங்கள்.

உறையில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் தயாரிப்பாளரின் முகவரியையும் பார்த்தால், பெயர் பெற்ற பிராண்டும் கடை பிராண்டும் ஒரே ஆலையிலிருந்து வருகின்றனவா என்பதைச் சில சமயம் கண்டுகொள்ளலாம். ஆனால், ஒரே ஆலை இரு வேறு தரங்களில் தயாரித்துக் கொடுக்கவும் கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை (விலை மலிவென்று பெரிய பாக்கெட்டாக வாங்கி வண்டு பிடிக்க விடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை). இம்மூன்றில் எவற்றை மாற்றினீர்கள், எவற்றுக்குப் பழைய பிராண்டுக்கே திரும்பினீர்கள், அதற்கு என்ன காரணம் என்று எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.