பட்டுப் புடவைக்கு கலர் சரிசெய்யும்போது நான் பார்த்தவை

போட்டோவில் கலர் சரிசெய்த அனுபவம் பற்றி இங்கே எல்லோரும் சூரிய அஸ்தமனம், டீல் அண்ட் ஆரஞ்சு (நீலப்பச்சையும் ஆரஞ்சும் தூக்கலான சினிமா லுக்), பழைய ஃபிலிம் லுக் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கதை முழுக்கப் புடவை. அண்ணி வாட்ஸ்அப்பில் காஞ்சிபுரம் பட்டு விற்கிறார், போட்டோ எடுத்து கலர் சரிசெய்து கொடுப்பது என் பொறுப்பு. இதில் படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, பார்சலைப் பிரிக்கும்போது போட்டோவில் பார்த்த அதே கலர் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் "அக்கா, போட்டோல அரக்கு, வந்தது தக்காளிச் சிவப்பு" என்று வாய்ஸ் நோட் வரும், பின்னாலேயே புடவையும் திரும்பி வரும்.

கலரின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷன் ஸ்லைடர் மேல் எனக்கிருந்த மரியாதை போனது அந்த அரக்கில்தான். கலர் கொஞ்சம் வெளிறித் தெரிந்தால் கை தானாக அங்கேதான் போகும், இல்லையா? கூட்டிக்கொண்டே ஹிஸ்டோகிராமில் (படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு சேனலுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். சிவப்பு 255-இல் போய் முட்டிக்கொள்ளும், பச்சையும் நீலமும் 0-க்கு இறங்கிவிடும். நூலுக்கு நூல் தெரிந்த சின்ன வித்தியாசமெல்லாம் இந்த மூன்றின் ஏற்ற இறக்கத்தில்தான் இருந்தது, அது போனதும் நெசவே காணாமல் போய் முந்தானை பெயின்ட் அடித்த தகரம் மாதிரி ஆகிவிடும்.

சரி என்று சாச்சுரேஷனை விட்டுவிட்டு, லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில், ஒவ்வொரு கலரையும் தனியாக மாற்றும் கலர் மிக்ஸுக்குள் போய் சிவப்பின் லூமினன்ஸை, அதாவது அந்தக் கலரின் வெளிச்சத்தை, மட்டும் குறைத்துப் பார்த்தேன். அரக்கு அப்படியே இறங்கி வந்தது, புட்டாவைச் சுற்றியிருந்த இழைகூட எண்ணுகிற மாதிரி தெரிந்தது. நாம் அழுத்தமான கலர் என்று சொல்வதில் பெரும்பங்கு வெளிச்சக் குறைவுதான் என்பது என் கட்சி. பச்சை, கத்திரிப்பூ கலர் எல்லாவற்றுக்கும் இப்போது முதலில் லூமினன்ஸைத்தான் தொடுகிறேன், பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனம், எடுக்கும்போதே சிவப்பு பர்ன் ஆகியிருந்தால், அதாவது உச்சத்தில் முட்டி விவரம் போயிருந்தால், எந்த ஸ்லைடரும் காப்பாற்றாது. கேமராவில் தெரிகிற வெள்ளை ஹிஸ்டோகிராம் மொத்த வெளிச்சத்தைத்தான் காட்டும், அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு சேனல் மட்டும் தாண்டிப் போயிருக்கும். அதனால் சிவப்புப் புடவை என்றால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுப்பேன்.

ஒயிட் பேலன்ஸுக்கு, அதாவது படத்தில் வெள்ளை வெள்ளையாகவே தெரிய, புடவைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியை வைத்து அதை ஐட்ராப்பரால் (கலரைத் தொட்டுக் காட்டும் கருவி) தொடுங்கள் என்று ஒருவர் சொன்னார், நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஆனால் நம் வீட்டு வேட்டி என்றைக்கு வெள்ளையாக இருந்திருக்கிறது? சொட்டு நீலம் போட்டு அலசியது. அந்த நீலத்தைச் சரிக்கட்டுகிறேன் என்று சாஃப்ட்வேர் படம் முழுவதையும் மஞ்சள் பக்கம் தள்ளிவிடுகிறது. பளிச்சென்ற வெள்ளைப் பேப்பரிலும் இதே தொல்லை, வெளுப்பாகத் தெரிய அதில் சேர்க்கிற பொருளும் நீலமாகத்தான் திருப்பி அடிக்கும். எந்தக் கலர் சாயலும் இல்லாத சாம்பல் அட்டையான கிரே கார்டு வாங்கியதும் இந்தத் தலைவலி விட்டது. ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு மடிப்பு ஒரு கலர், அடுத்த மடிப்பு இன்னொரு கலர்.

எம்.எஸ். நீலம், அதாவது எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வந்த அந்த நீலம், என் கேமராவில் எப்போதும் ஊதா பக்கம் சாயும். நீலத்தின் ஹியூவை, அதாவது கலரின் சாயலை, மெல்ல அக்வா (நீலப்பச்சை) பக்கம் நகர்த்தினால் வழிக்கு வருகிறது. நகர்த்தும்போது புடவையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், நினைவை நம்பிச் செய்யக் கூடாது. லேப்டாப்பில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஓடுகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜரிகைதான் ரோதனை. அண்ணியே கட்டிக்கொண்டு நின்றால் அவர் முகமும் ஜரிகையும் ஆரஞ்சு, மஞ்சள் என்ற அதே இரண்டு ஸ்லைடரில் விழும். ஜரிகையைத் தகதக என்று ஆக்கினால் முகத்துக்கு மஞ்சள் பூசியதாகிவிடும். "தம்பி, எனக்கென்ன காமாலையா?" என்று அவரே கேட்டார். மாஸ்க் போட்டு முகத்தைப் பிரித்துவிட்டுத்தான் இப்போது ஜரிகையைத் தொடுகிறேன், அதிலும் மஞ்சள் சாச்சுரேஷனைக் குறைத்து லூமினன்ஸைக் கொஞ்சம் ஏற்றினால்தான் பிளாஸ்டிக் மாதிரி தெரியாமல் இருக்கிறது.

மயில் கழுத்து கலர் புடவைக்கு எடிட்டிங்கில் வழியே இல்லை. பாவு (நீள இழை) ஒரு கலர், ஊடை (குறுக்கு இழை) ஒரு கலர், நிற்கிற கோணத்தைப் பொறுத்து நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். ஒரே படத்தில் இரண்டையும் கொண்டுவர வெளிச்சத்தையும் கலரையும் வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸில் என்னென்னவோ செய்து பார்த்துக் கைவிட்டேன். இரண்டு கோணத்தில் இரண்டு படம் அனுப்புகிறோம், கூடவே புடவையை அசைத்து ஒரு சின்ன வீடியோ.

ராணி பிங்க் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சாயத்தில் இருக்கிற அந்தப் பளீர், போன் திரைக்கு அனுப்பும் எஸ்ஆர்ஜிபி என்ற கலர் எல்லைக்குள் அடங்குவதாகத் தெரியவில்லை. லூமினன்ஸை ஏற்றினால் ரோஜாப்பூ, இறக்கினால் பீட்ரூட். யாராவது இதைச் சாதித்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள். அதுவரை அண்ணி படத்துக்குக் கீழே "நேரில் இன்னும் பளிச்சென்று இருக்கும்" என்று டைப் செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.