கரும்பொடிக்குள் ஒரு பிட் தேடிய நாட்கள்

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்) இருந்த பாட்டிலைத் திறந்து பார்த்தேன், சட்டிக்கு அடியில் படிந்த கரி மாதிரிதான் இருந்தது. 2000-இல் ஹார்வர்டில் ருயெக்ஸ், லீபர் குழுவினர் நானோகுழாயால் கணினி நினைவகம் செய்வது பற்றி சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் இதில் இறங்கினேன். கீழே ஒரு வரிசைக் குழாய், மேலே குறுக்காக இன்னொரு வரிசை, கயிற்றுக் கட்டில் பின்னல் போல. குழாய்கள் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. மேல்குழாய் இடைவெளி விட்டு நின்றால் 0, வளைந்து கீழ்க்குழாயைத் தொட்டால் 1. தொட்டபின் வான் டெர் வால்ஸ் விசையே (மிக அருகில் வரும் அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை) பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் மறக்காது. ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சம் கோடி பிட் வரை அடக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

எங்களைப் படுத்தியதும் அதே விசைதான். குழாய்கள் சடை விழுந்த முடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சோப்புக் கரைசலில் போட்டு ஒலி அதிர்வால் குலுக்கும் சோனிகேட்டரில் கொஞ்ச நேரம் வைத்தால் பிரியாது, அதிக நேரம் வைத்தால் துண்டு துண்டாகிவிடும். சிலிக்கான் மேல் ஒரு சொட்டு விட்டு, காயவைத்து, ஏ.எஃப்.எம். (பரப்பின் மேடுபள்ளத்தை ஊசியால் தடவி அளக்கும் நுண்ணோக்கி) ஊசி வரி வரியாகத் தடவி முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். உயரம் 1 நானோமீட்டர் காட்டினால் ஒற்றைக் குழாய், 8 காட்டினால் பல குழாய்கள் ஒட்டிய கட்டு, அன்றைய வேலை அவ்வளவுதான். மாதக்கணக்கில் தேடி நல்ல குறுக்குச் சந்திப்பு ஒன்று கிடைத்தது. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன், எரிந்துபோய்விட்டது. மறுபடி ஸ்கேன் செய்தபோது குழாய் நடுவில் அறுந்திருந்தது, அன்று சாப்பிடவே தோன்றவில்லை.

நானோகுழாய் நினைவகம் உருவாக்கிய நான்டெரோ நிறுவனம் குழாய்களை ஒவ்வொன்றாக அடுக்காமல் பின்னிச் சிக்கிக்கொண்ட மெல்லிய விரிப்பாகவே பரப்பி, அதற்குள் குழாய்கள் தொடுவதையும் விலகுவதையும் பிட்டாக வைத்துக்கொண்டது என்று பிறகு படித்தபோது உடம்பு சிலிர்த்தது. எது எங்கே கிடக்கிறது என்ற கவலையே அதில் இல்லை. அந்த நினைவகத்தை 2009-இல் அட்லாண்டிஸ் விண்கலத்தில் ஏற்றிச் சோதித்தும் பார்த்தார்கள்.

———

மேலே நீங்கள் எழுதியதைப் படித்தேன். கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குழாய்களைப் பிரிக்க நீங்கள் பட்ட பாட்டுக்கு அப்புறமும் தாண்ட வேண்டிய ஒரு வாசல் இருக்கிறது. குழாய் வளர்க்கப் போட்ட இரும்பும் கோபால்ட்டும் பொடியில் மிஞ்சியிருக்கும். அவை சிலிக்கானுக்கு விஷம். ஒருமுறை அந்தப் பொடியில் கொஞ்சம் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனபோது, உலோக அளவு என்னவென்று கேட்டு, சில்லு செய்யும் தூசியற்ற சுத்த அறையின் கதவைக்கூடத் தாண்டவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். வருத்தமாக இருந்தது, ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.