கார்த்திகை முதல் நாளில் ‘முடவன் முழுக்கு’ ஏன்?

கேள்வி:
ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி நீராடல் நடப்பதும், கடைசி நாளன்று கடைமுழுக்குக்குப் பெருங்கூட்டம் கூடுவதும் தெரியும். கார்த்திகை பிறந்த பிறகும் முதல் தேதியில் ‘முடவன் முழுக்கு’ என்று ஒரு நாள் இருப்பதற்குக் காரணம் என்ன? துலா மாதப் பலன் அடுத்த மாதத்தில் எப்படிக் கிடைக்கும் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மக்கள் கரைத்துவிட்டுப் போன பாவங்களைச் சுமந்த கங்கை முதலிய நதிகள், தம்மைத் தூய்மை செய்துகொள்ள ஐப்பசியில் இங்கே வந்து காவிரியில் நீராடுகின்றன என்பது தலபுராண மரபு. அந்தப் பேற்றை நாடி, நடக்க இயலாத ஒருவர் தொலைவிலிருந்து தவழ்ந்தும் ஊர்ந்தும் வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் மாயூரநாதரிடம் முறையிட, இறைவன் மறுநாள் நீராடினாலும் முழுப் பலன் உண்டு என்று அருளினார். அவர் ஒருவருக்காகக் கிடைத்த அந்த நாள் பின்னர் எல்லோருக்கும் உரியதாயிற்று. நேரத்துக்கு வர முடியாதவரை விலக்கிவிடாமல், அவருக்காகக் காலக்கெடுவையே நீட்டித்த இந்த மரபை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள்.

மறுமொழி 2:
சூரியன் துலா ராசியில் இருக்கும் மாதம் என்பதால் ஐப்பசிக்குத் துலா மாதம் என்று பெயர். இந்தச் சிறப்பு மயிலாடுதுறைக்கு மட்டும் உரியதன்று. திருவரங்கத்தில் மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து திருமஞ்சன நீர் எடுப்பார்கள். ஐப்பசியில் மட்டும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வைத்து எடுத்து வருவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆற்றில் புதுநீர் ஓடும் காலம் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீராடலுக்கு இம்மாதத்தைத் தேர்ந்ததில் வேளாண் மக்களின் பட்டறிவும் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

மறுமொழி 3:
நான் அந்தப் பக்கத்துக்காரன். முடவன் முழுக்கன்று முதியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, நீர் தொடும் படியில் உட்காரவைத்து, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றுவதைக் காணலாம். கடைமுழுக்கின் நெரிசலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு இந்த நாளே ஏற்றது. ஐப்பசிக்கு 29 அல்லது 30 நாட்கள் வரும் என்பதால், முடவன் முழுக்கு நவம்பர் 16 அல்லது 17-இல் அமையும். புறப்படும் முன் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.