யூஸ்டு காருக்குக் கூடுதல் வாரன்டி: 1,780 வெள்ளி கட்டலாமா?

செங்காங்வாசி

வணக்கம். சிங்கப்பூர் உபியில் ஒரு டீலரிடம் 2019 டொயோட்டா சியென்டா ஹைபிரிட் (பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பேரலல் இம்போர்ட் (அதிகாரபூர்வ ஏஜென்ட் வழியாக வராதது), 94,000 கிலோமீட்டர், சிஓஇ என்கிற கார் வைத்திருக்கும் உரிமம் 2029 கடைசிவரை இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், பிடித்திருந்தது. விலை பேசி முடித்து எழுந்திருக்கப் போகும்போது விற்பனையாளர் டிராயரைத் திறந்து ஒரு மடக்குத்தாளை எடுத்து வைத்தார். இரண்டு வருட வாரன்டி 1,780 வெள்ளியாம், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 1,500 ஆம். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏர்கான், ஹைபிரிட் பேட்டரி என்று வரிசையாகப் பச்சை டிக். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி வாங்கிவிடுங்கள், நிம்மதியாக இருக்கலாம் என்கிறார். மச்சான், அது சும்மா காசைக் கடலில் போடுவது என்கிறான் (அவனுக்கு லைசென்ஸே இல்லை, அது வேறு விஷயம்). மாதம் ஒருமுறையாவது அம்மாவை ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயிலுக்கு அழைத்துப் போவோம், நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருக்கிறது. டெபாசிட் இன்னும் கட்டவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்கை

தம்பி, டெபாசிட் கட்டவில்லை என்றீர்களே, அதுதான் இதில் நல்ல செய்தி. காக்கி புக்கிட்டில் இருபது வருடமாகக் காடி (கார்) வேலை பார்க்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். அந்த மடக்குத்தாள் விளம்பரம், வாரன்டி இல்லை. வாரன்டி என்பது பின்னால் இருக்கும் ஒப்பந்தப் புத்தகம். அதைக் கேட்டு வாங்கி, எதெல்லாம் கிடையாது என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் ஹைபிரிட் காடி ஒன்றைக் கொண்டுவந்தார், எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று. கையில் வாரன்டி இருக்கிறது, முகத்தில் கவலையே இல்லை. பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் ஒன்று சீட் பக்கம் இருக்கும், அதைக் கழற்றினால் ஃபேன் முழுக்கத் தூசு, பிஸ்கட் தூள், பிள்ளைகளின் முடி எல்லாம் திரித்த கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி சூடேறிச் சூடேறிப் போய்விட்டது. வாரன்டி கம்பெனி ஆள் வந்து போட்டோ எடுத்தார், பராமரிப்பு சரியில்லை என்று இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். முழுக் காசும் அவர் கையிலிருந்துதான் போனது. வாங்கியதும் அந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், அரை மணி நேர வேலை.

இன்னொன்று. கியர்பாக்ஸ் கவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த ஹைபிரிட்டில் சாதாரண சிவிடி ஆட்டோ கியர் மாதிரி பெல்ட் கிடையாது, பற்சக்கரமும் மோட்டாரும்தான், அது லேசில் போகாது. உங்களுக்குச் செலவு வைக்கக்கூடியவை பேட்டரி, இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுவது), பிரேக் ஆக்சுவேட்டர் (பிரேக்குக்கு அழுத்தம் கொடுப்பது). இந்த மூன்றும் புத்தகத்தில் பேர் சொல்லி இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு எத்தனை வெள்ளி? அது தெரியாமல் 1,500 கொடுத்தாலும் அதிகம்தான்.

கணக்குப்பிள்ளை

அண்ணன் சொன்னது சரி, நான் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை விற்றால் வாங்கியவரைப் பாதுகாப்பது) இருக்கிறது, யூஸ்டு காருக்கும் பொருந்தும். கையில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர் வேலை. முதலில் பழுது பார்த்துத் தரவேண்டும், முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. தேய்மானத்துக்கு வராது, ஆறு வருடக் காரில் எது தேய்மானம் என்று வாக்குவாதமும் வரும், ஆனாலும் முதல் ஆறு மாதத்தில் உங்களுக்கு ஏற்கனவே ஒரு பிடி இருக்கிறது. அதற்கும் சேர்த்து ஏன் 1,780 கட்ட வேண்டும்? டீலர் மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை போகலாம்.

ஆனால் ஒன்று. கார் அந்த டீலருடையதா, கன்சைன்மென்ட்டா? கன்சைன்மென்ட் என்றால் விற்பவர் இன்னொரு தனி ஆள், டீலர் நடுவில் கமிஷன் வாங்குபவர் மட்டும். தனி ஆளுக்கும் தனி ஆளுக்கும் நடக்கும் விற்பனைக்கு லெமன் சட்டம் வராது. ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வாரன்டியை விட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

மீராஅம்மா

எல்லாரும் வேண்டாம் என்கிறீர்கள், நான் வாங்கியவள். 1,200 வெள்ளி, ஒரு வருடம். பதினோராவது மாதம் ஏர்கான் கம்ப்ரசர் போனது, பில் 1,300. பழைய பாகத்துக்குப் புதுசு போடுவதால் உங்கள் பங்கு முப்பது சதவீதம் என்று கழித்துக்கொண்டு 910 கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் எனக்கு 290 நஷ்டம். இருந்தும் வருத்தமில்லை. நான் தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், ஒரே நாளில் 1,300 எடுத்து வைக்கும் நிலையில் அப்போது இல்லை.

சலிப்புத் தட்டியது வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் சொல்லும் வொர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸ். நான் பாசிர் ரிஸ், அது துவாஸ். அரை நாள் லீவு போய்விடும். ஒருமுறை மூன்று வாரம் தாமதமாகப் போனதற்கு, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் வாரன்டியே ரத்து என்றார் கவுன்டரில் இருந்த பெண்.

கணக்குப்பிள்ளை

வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும் என்ற நிபந்தனையை 2017-இல் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு புதுக்கார் ஏஜென்டுகள் எடுத்துவிட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு சிலர் டீலர் விற்கும் இந்த வாரன்டியிலும் அப்படித்தான் என்று ஏமாறுகிறார்கள். இது தனி ஒப்பந்தம், எழுதியிருப்பதுதான் கணக்கு.

டபிள்யூ7_சிவா

ஜொகூர் பற்றி யாரும் பேசவில்லையே. பாலம் தாண்டினால் பல வாரன்டி செல்லாது, இழுத்துக்கொண்டு வரும் செலவும் உங்களுடையது. அந்தப் பயத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் இன்சூரன்சில் மலேசியாவுக்கும் சேர்த்து டோயிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செங்காங்வாசி

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தைக் கேட்டதும் கைவசம் இல்லை என்றார்கள், மூன்று முறை கேட்ட பிறகு மின்னஞ்சலில் வந்தது, 14 பக்கம். ஹைபிரிட் பேட்டரி இருக்கிறது, ஆனால் மொத்தம் 1,000 வெள்ளி வரைதான். இன்வெர்ட்டர் பெயரே இல்லை. சிங்கப்பூருக்கு வெளியே எதுவும் கிடையாது. அப்புறம் கணக்குப்பிள்ளை சொன்னதைப் பார்த்து விற்பவர் யார் என்று கேட்டேன். கன்சைன்மென்ட்தான்.

போன மாதம்தான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனது, பயமே வேண்டாம் என்று அந்தச் சீட்டையும் காட்டினார்கள்.

ஸ்பேனர்கை

அது சாலை வரி கட்டுவதற்கான பரிசோதனை தம்பி. பிரேக், விளக்கு, புகை, டயர் பார்ப்பார்கள். பேட்டரிக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று அதில் பார்க்கமாட்டார்கள். விகாம், எஸ்டிஏ மாதிரி பரிசோதனை மையங்களில் வாங்குபவருக்கென்று தனியாகச் செக் செய்து அறிக்கை கொடுப்பார்கள். அதோடு ஹைபிரிட் தெரிந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு பேட்டரியின் ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். காடியை வெளியே எடுக்க விடமாட்டோம் என்றால் வேறு காடி பாருங்கள்.

செங்காங்வாசி

வியாழக்கிழமை சின் மிங்கில் உள்ள மையத்தில் பரிசோதனைக்கு நேரம் எடுத்துவிட்டேன். இதைச் சொன்னதும் டீலர் உடனே குரலை மாற்றிக்கொண்டு, எங்களிடமே லோன் எடுத்தால் வாரன்டி இலவசம் என்கிறார்!

ஸ்பேனர்கை

லோனும் வேண்டாம், வாரன்டியும் வேண்டாம், அதற்குப் பதில் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். வியாழக்கிழமை அறிக்கையை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.